நீள்ளு என்றால் சிரிப்பார்கள்

மொழி அழிகிறது என்று இப்போது எல்லோரும் அழுகிறார்கள். அழட்டும். ஆனால் யார் வாயில் இருக்கிற மொழி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மூன்றாம் வகுப்பில் தாகமெடுத்து, வாய்தவறி 'நீள்ளு' என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாயக்கர் வீட்டுப் பையனும் சிரித்தான். அவன் வீட்டிலும் தண்ணீருக்கு நீள்ளுதான். அவன் சொன்னால் தெலுங்கு, நான் சொன்னால் சக்கிலியப் பேச்சு.

இலக்கியத்திலும் இதே கதைதான். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' கம்மவார்கள் தெலுங்கு தேசத்திலிருந்து கரிசலுக்கு வந்து காடு திருத்திய கதை. அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. நல்ல நாவல்கள்தான், நானும் ரசித்துப் படித்தவன்தான். விமர்சகர்கள் இவற்றை மண்ணின் கதை என்று கொண்டாடினார்கள். சரி, வீட்டில் தெலுங்கு பேசுகிற அருந்ததியர் மட்டும் 2023இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் மேடையில் வெளியிலிருந்து வந்தவர்கள் ஆனது எப்படி? நிலமுள்ளவன் வந்தால் வரலாறு, நிலமில்லாதவன் பேசினாலே குற்றமா?

சர்க்கார் கணக்கையும் பாருங்கள். 1961 சென்சஸில் 1652 தாய்மொழிகள். 1971 முதல் பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசுகிற மொழிகளைத் தனியாகக் காட்டுவதில்லை. 2011இல் மிஞ்சியவை 121. அந்தக் கணக்கில் ஒரு கோடிப் பேருக்கு மேல் பேசுகிற பீலி ஆதிவாசிகளின் மொழி. எட்டாவது அட்டவணையில் அதற்கு இடமில்லை. 24,821 பேர் தாய்மொழி என்று சொன்ன சமஸ்கிருதம் அதில் இருக்கிறது. மொழிக்கும் சாதி உண்டு என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

எங்கள் பேச்சு 'தெலுங்கு' என்ற பெரிய பெட்டிக்குள் போய்விடுகிறது. எட்டுக் கோடிப் பேர் பேசுகிற மொழிக்கு ஆபத்து என்று எவன் சொல்லப் போகிறான்? அழியும் மொழிகளின் பட்டியலில்கூட ஏறாமல் சாகிற பேச்சு எங்களுடையது.

இளைஞர்களுக்குத் தாய்மொழிப் பற்று இல்லையாம். பற்று இல்லாமல் என்ன? பயம். டீக்கடையில், வாடகைக்கு வீடு கேட்கிற இடத்தில், வாயைத் திறந்தால் சாதி தெரிந்துவிடும் என்கிற பயம். தமிழை நான் குறை சொல்லவில்லை. தமிழில் எம்.ஏ. படித்தவன், இதையும் தமிழில்தான் எழுதுகிறேன். தமிழும் என் மொழிதான். அதற்கு விலையாக எங்கம்மாவின் பேச்சை ஏன் வாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

போன மாசம் என் மகள் கேட்டாள்: "அப்பா, அவ்வா என்ன பாஷை பேசுது?"

நம்ம பாஷைதான் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. மொழி அழிவைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த ஒரு நிமிஷத்திலிருந்து எழுதட்டும்.