அருங்காட்சியகத்தில் தோட்டத்துப் பாட்டிக்கு இடம் எது? பேராக் மாநிலக் காட்சியகங்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

அருங்காட்சியகம் பழம்பொருள்களின் கிடங்கு மட்டுமன்று. எவற்றை நினைவிற்கொள்ள வேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்று ஒரு சமூகம் எடுத்த முடிவின் வெளிப்பாடும் அதுவேயாகும். பள்ளி விடுமுறைக் காலங்களில் வண்ணந்தீட்டுதல், மரபு விளையாட்டு, புதிர்ப்போட்டி முதலான குடும்ப நடவடிக்கைகளை நடத்துவதும் இன்று அருங்காட்சியகப் பணியாகக் கருதப்படுகின்றது. பேராக் மாநிலக் காட்சியகங்களையும் இத்தகைய நடவடிக்கைகளையும் ஈப்போவின் புந்தோங் வட்டாரத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் நிலையில் நின்று மதிப்பிட இக்கட்டுரை முற்படுகின்றது.

ரப்பரும் அருங்காட்சியகமும்

மலேசியாவின் மிகப் பழைய அருங்காட்சியகம் தைப்பிங்கில் உள்ளது. பேராக்கின் பிரித்தானிய ரெசிடெண்டாக இருந்த சர் ஹியூ லோ 1883இல் அதற்கு வித்திட்டார். லியோனார்டு ரே அதன் முதற் காப்பாட்சியராக விளங்கினார். இந்நாட்டின் தொடக்ககால ரப்பர்க் கன்றுகள் 1877இல் கோலகங்சாரில் நடப்பட்டதும் ஹியூ லோவின் பெயரோடு இணைத்தே பேசப்படுகின்றது. ஆக, ரப்பரும் அருங்காட்சியகமும் பேராக்கிற்கு ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே ஆட்சியின் வழி வந்தன எனலாம்.

ஆயினும், அந்த ரப்பரை வளர்த்தெடுத்த உழைப்பு காட்சிக்கூடத்தில் உரிய இடம் பெறவில்லை. இயற்கை, பண்பாடு, பழங்குடியினர் என்னும் பகுப்பே தைப்பிங் காட்சியகத்தின் அடித்தளமாகும். இது பத்தொன்பதாம் நூற்றாண்டு அருங்காட்சியகங்களுக்குப் பொதுவான பகுப்பு. இப்பகுப்பில் விலங்குக்கு இடமுண்டு, படைக்கலத்துக்கு இடமுண்டு, கூலிக்கு ஆளெடுத்துக் கொண்டுவரப்பட்ட தொழிலாளிக்கெனத் தனியிடம் இல்லை. ஒப்பந்த முறை 1910இல் முடிவுற்றது. அதன் பின்னரும் கங்காணி முறையின்வழி வந்தோர் பலர். 1938இல் இந்திய அரசு விதித்த தடை அவ்வரவை நிறுத்தியது. இத்துணை நீண்ட வரலாற்றைப் பண்பாடு என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கும்போது, புடவையும் குத்துவிளக்கும் மிஞ்சுகின்றன. பெரட்டும் மங்கும் மறைகின்றன.

ஈப்போவின் இரு சான்றுகள்

ஈப்போவில் உள்ள டாருல் ரிட்சுவான் அருங்காட்சியகம், ஈயச் சுரங்கச் செல்வர் ஒருவர் 1926இல் கட்டிய மாளிகையில் அமைந்தது. ஈயமும் வனவளமும் நகர வளர்ச்சியும் அங்குப் பேசப்படும் பொருள்கள். பழைய நகரில் உள்ள ஹான் சின் பெட் சூ, ஹக்கா சுரங்க முதலாளிகளின் மன்றமாக 1893இல் தோன்றியது. 2015இல் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அபின், சூதாட்டம், பரத்தைமை, இரகசியச் சங்கம் ஆகியவற்றையும் மறைக்காமல் காட்டியமை அதன் சிறப்பாகும். தம் முன்னோரின் புகழை மட்டுமன்றி அவர்தம் வாழ்வின் இருளையும் எடுத்துரைக்கும் துணிவு அதில் வெளிப்படுகின்றது. தோட்டப்புற வரலாற்றைக் காட்சிப்படுத்த விரும்புவோர் கற்க வேண்டிய பாடம் இதுவே. கங்காணியின் கொடுமையையும் கள்ளுக்கடையையும் விலக்கிவிட்டு, கோயில் திருவிழாவை மட்டும் காட்டும் தோட்டம் உண்மைத் தோட்டமாகாது.

குடும்ப நடவடிக்கைகளின் குறை

குடும்ப நடவடிக்கைகளைப் பொறுத்தவரை, குழந்தையைக் கவர்வதே குறிக்கோளாகிவிடுகின்றது. குழந்தையின் கையில் வண்ணக்கோல் தரப்படுகின்றது. பாட்டிக்கு ஒரு நாற்காலி தரப்படுகின்றது. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர், மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தவர், ஒட்டுப்பாலின் நாற்றத்தை இன்றும் மறவாதவர், காட்சிக்கூடத்தில் வெறும் துணையாளாக அமர்ந்திருக்கின்றார். விளக்கப் பலகைகள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைவதால், தம் வாழ்வைப் பற்றிய குறிப்பு அங்கிருந்தாலும் அவரால் அதனைப் படிக்க இயலாது. பேரன் படித்துச் சொல்லப் பாட்டி கேட்கிறார். இம்முறை தலைகீழாக மாறுதல் வேண்டும்.

சிங்கப்பூரில் 2015 மே 7ஆம் நாள் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் பொங்கல், தீபாவளி விழாக்களையொட்டிக் குடும்பங்களை வரவேற்கின்றது. பாராட்டத்தக்க முயற்சி இது. எனினும் விழாவை மட்டுமே வாயிலாகக் கொள்வதில் ஓர் இடர் உண்டு. விழா எல்லாருக்கும் பொதுவானது. உழைப்போ ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிக் கதையுடையது. பாட்டியின் பழைய சம்பளச் சீட்டைக் கொணரச் செய்து, அதிலுள்ள வேலை நாள்களையும் பிடித்தங்களையும் பேரனைக் கணக்கிடச் செய்வதும் குடும்ப நடவடிக்கையே. ஆயாக் கொட்டகையில் பாடப்பட்ட தாலாட்டைப் பாட்டி பாட, அதனைப் பதிவுசெய்வதும் அவ்வாறே.

புந்தோங்கும் நாமும்

புந்தோங், தமிழர் செறிந்து வாழும் குடியிருப்பு. கச்சாங் பூத்தே வணிகத்தால் நாடறிந்த கம்பமும் இங்குண்டு. கடலையைக் காகிதக் கூம்பில் பொதிந்து விற்ற தொழில் இங்கு இன்னும் உயிரோடிருக்கின்றது. அழிந்தபின் கண்ணாடிப் பேழையில் வைப்பதினும், வாழும்போதே வறுக்கும் முறையையும் வணிகச் சொற்களையும் பதிவுசெய்தல் நன்று.

குறையை அருங்காட்சியகத் துறையின்மீது மட்டும் சுமத்துதல் முறையன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற்றப்பட்டும் மக்கள் வெளியேறியபோது, பால்வாளியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தவர்கள் நம்மவரே. தோட்டப்புறச் சிறுகதைகளையும் நாவல்களையும் ஆய்வேடுகளாக்கிய நாம், அக்கதைகளில் வரும் பொருள்களைத் தேடிச் சேர்த்தோமல்லோம். இலக்கியச் சான்றினைப் போற்றினோம். இலக்கியத்துக்குச் சான்றான பொருளைக் கைவிட்டோம்.

முடிவுரை

மரம் வெட்டிய தலைமுறை முதுமையடைந்துவிட்டது. பொருள் பின்னர்க் கிடைக்கக்கூடும். அதனைக் கையாண்ட கையின் பழக்கமும் அதற்கு வழங்கிய சொல்லும் பின்னர்க் கிடையா. ஆகவே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுமுன், அவரவர் வீட்டுப் பாட்டியிடம் ஒரு பொருளின் பெயரையும் பயனையும் கேட்டு எழுதிவரச் செய்யலாம். காட்சிக்கூடத்தில் அப்பொருள் உண்டா என்று மாணவர் தேடட்டும். இல்லையெனில், ஏன் இல்லை என்று அவர்களே வினவட்டும். அவ்வினா எழுமாயின் அப்பயணம் பயனுடையதாகும் என்பதே நம் துணிபு.