புலிராஜாவின் மனைவி

2000களின் தொடக்கத்தில் தமிழகத்தின் விளம்பரப் பலகைகளில் ஒரு கேள்வி நின்றது: ‘புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ யார் அந்தப் புலிராஜா என்று ஊரே கேட்டது. வாய்விட்டுப் பேசக் கூசிய விஷயத்தை டீக்கடை வரை கொண்டுவந்தது அந்த விளம்பரத்தின் வெற்றிதான். ஆனால் புலிராஜாவின் மனைவி அதில் எங்கே?

கேள்வியிலேயே பிழை இருக்கிறது. ஒருவருக்குத் தொற்றுவது எச்.ஐ.வி.; எய்ட்ஸ் அதன் முற்றிய நிலை. நோய் எதிர்ப்பை வழிநடத்தும் சிடி4 அணுக்களுக்குள் புகும் வைரஸ், அவற்றைக் கொண்டே பெருகி, அவற்றையே அழிக்கிறது. சிகிச்சை இல்லாதபோதும் பல ஆண்டுகள் உடல் எதையும் வெளிக்காட்டாமல் இருக்கலாம். சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனால், அல்லது காசநோய் போன்ற சில கடும் தொற்றுகள் பற்றிக்கொண்டால்தான் அது எய்ட்ஸ். ‘நமக்கு ஒன்றுமில்லை’ என்று ஆண் நடமாடும் அந்த ஆண்டுகளிலேயே மனைவிக்குத் தொற்றிவிடுகிறது. விளம்பரம் தாண்டிப்போனது அந்த ஆண்டுகளைத்தான்.

இந்தப் பார்வைக்கு முன்கதை உண்டு. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில், பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தில் கண்டறியப்பட்டது. அன்றிலிருந்து அவள் ‘பரப்புகிறவள்’. அவளுக்குத் தொற்றைக் கொடுத்தவனுக்கு அப்படியொரு பெயர் வரவில்லை.

மனைவிக்கும் அதே பழி வேறு வாசல் வழியாக வருகிறது. கர்ப்பகாலப் பரிசோதனை அவசியம். தாய்க்கு உரிய நேரத்தில் கூட்டு மருந்து கொடுத்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஆனால் கணவன் பரிசோதிக்கப்படாத வீட்டில் முடிவு முதலில் அவள் கைக்கு வருகிறது. முதலில் தெரிந்தவளே முதலில் கொண்டுவந்தவளாகிறாள். ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும் பாகுபாடு காட்டுவதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மாமியார் வீட்டுக் கூடத்தில் அந்தச் சட்டத்தை யார் வாசித்துக் காட்டுவது?

‘ஆணுறை அணியுங்கள்’ என்பதும் ஆணுக்குச் சொல்லப்படுவதே. கணவனிடம் ஆணுறை கேட்கும் மனைவி அவன் மேல் சந்தேகப்படுகிறாள், அல்லது அவளே சந்தேகத்துக்குரியவள். தொற்றுக்கு முன்பே எடுத்துக்கொள்ளும் தடுப்பு மாத்திரை இருக்கிறது. தொடர் சிகிச்சையால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியே பிறருக்குத் தொற்றாது என்பதும் உறுதியாகியிருக்கிறது. இவற்றை அவளிடம் சொல்ல ஒரு பலகையும் எழவில்லை.

புலிராஜாவுக்கு வருமா என்று கேட்டது போதும். அவன் பரிசோதனை செய்துகொண்டானா என்று கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. அதைத் தெருவில் எழுதி வைப்போம்.