நெகிழ்ந்து நிமிரும் உறுப்பு

உடம்பில் உறுதி வேண்டுமென்றால் தசை சுருங்க வேண்டும். கையை மடக்கினால் புஜம் திரள்வதைப் பார்க்கிறோமே, அப்படி. ஆண்குறியின் விறைப்பு இந்த விதியைத் தலைகீழாக்குகிறது. இங்கே தசை தளர்ந்தால்தான் உறுதி பிறக்கும். உறுப்பு துவண்டிருக்கும் நேரமெல்லாம் உள்ளிருக்கும் நுண்தசைகள் சுருங்கியபடியே இருந்து, ரத்தத்தைக் கொஞ்சமாக மட்டும் உள்ளே விடுகின்றன. ஓய்வாகத் தெரியும் அந்த நிலைதான் ஓயாத உழைப்பு!

ஒரு தொடுதலோ நினைவோ வந்ததும் முதுகுத்தண்டின் கீழ்க்கோடியிலிருந்து புறப்படும் நரம்புகள் அந்தப் பிடியை விடுவிக்கின்றன. அவற்றின் முனைகளில் சுரப்பது நைட்ரிக் ஆக்சைடு, தோன்றிச் சில நொடிகளில் மறைந்துவிடும் வாயு. நரம்பு தொடங்கி வைத்ததை ரத்தமே தொடர்வது இதில் தனி அழகு. பாய்ந்து வரும் ரத்தம் குழாயின் உட்சுவரை உரச, அந்தச் சுவரும் அதே வாயுவைச் சுரந்து வழியை இன்னும் அகலமாக்குகிறது. ரத்தக்குழாய்களில் இந்த வாயு தூது செல்வதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

வந்த ரத்தம் தங்குவது எப்படி? அது வெளியேறாமல் தடுக்கத் தனியே ஒரு கதவு இல்லை. உறுப்பின் நீளத்துக்கு ஓடும் இரண்டு பஞ்சுத் தண்டுகள் நிறைந்து உப்பும்போது, வெளியுறையை ஒட்டி ஓடும் மெல்லிய சிரைகளை அவையே நசுக்கிவிடுகின்றன. வரவே செலவை அடைத்துக்கொள்கிறது.

அந்த உறையைத்தான் நான் திரும்பத் திரும்ப வியக்கிறேன். சைக்கிள் டியூபுக்கு டயர் எப்படியோ அப்படி அது ரத்தத்தின் அழுத்தத்தை வாங்கி உருவம் தருகிறது. அதன் கொலாஜன் இழைகளில் ஒரு வரிசை நீளவாக்கிலும் மற்றொன்று அதற்குச் செங்குத்தாகச் சுற்றிலும் ஓடுகிறது. 1990களில் ஆய்வாளர் டயேன் கெல்லி ஆர்மடில்லோ என்ற விலங்கில் இந்த அமைப்பை ஆராய்ந்து, எலும்பில்லாத உறுப்பு வளையாமல் நிற்பதன் ரகசியத்தை விளக்கினார். துவண்ட நிலையில் சுருக்கமாக மடிந்திருக்கும் இழைகள், ரத்தம் நிறைந்ததும் நேராகி விறைக்கின்றன.

அடியில் ஓடும் மூன்றாவது தண்டு மட்டும் அவ்வளவு இறுகுவதில்லை. விந்து வெளிவர வேண்டிய குழாய் அதற்குள் இருக்கிறது. எல்லாம் இறுகும் வேளையில் இறுகக்கூடாத இடம் ஒன்றையும் உடம்பு மறக்கவில்லை.

முடித்து வைக்கவும் ஆள் உண்டு. வாயு எழுப்பிய செய்தியை ஒரு நொதி அழித்துக்கொண்டே இருக்கிறது. 1998இல் வந்த சில்டெனாஃபில் மாத்திரை அந்த நொதியைத்தான் கட்டுப்படுத்துகிறது. கிளர்ச்சி எழாமல் மாத்திரை மட்டும் விறைப்பைத் தருவதில்லை. எழுந்த செய்தியை நிலைக்க வைப்பதோடு அதன் வேலை முடிகிறது.

பயமும் பதற்றமும் வந்தால் உடம்பு பழையபடி அந்த நுண்தசைகளை இறுக்கிவிடும். ஒரு நாள் விறைப்பு வராமல் போனதை ஆண்மைக்கு நேர்ந்த தோல்வியாக எண்ணி மருகுகிறவர்கள் இந்த ஏற்பாட்டை அறிந்துகொள்ள வேண்டும். முயன்று வரவழைக்கும்படி இது அமையவில்லை. மனம் இளகினால் தசையும் இளகும். அடிக்கடி தவறினால் கூச்சமின்றி மருத்துவரிடம் போகலாம். இங்குள்ள தமனிகள் இதயத் தமனிகளைவிட மெல்லியவை என்பதால், இதயத்துக்கு வரவிருக்கும் அடைப்பைக்கூட இந்த உறுப்பு சில வேளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.