மேசைக்கு முன்னால் நிற்கிறவர்

 

செய்யும் வேலையையே ஊழியமாகக் கொண்ட மரபுகள் நமக்குப் பல உண்டு. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் மருத்துவ மரபை, கிறிஸ்தவ அரசு ஊழியர்களான நம் சங்க அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் அதன் சிகரம். 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பாசல் மிஷன், பட்டறையையே சாட்சியாக்கியது. திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தில் 1921 முதல் பெரியண்ணன் சேசுதாசனும் சின்னண்ணன் பேட்டனும் வைத்தியத்தோடு எளிமையையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

நம்மில் பெரும்பாலோருக்கு வாய்த்தது கோப்பும் தபாலும்தான். அந்த வழியில் எனக்குக் குரு, கருவூலத்தில் எங்கள் கண்காணிப்பாளராக இருந்த ஐயா. அவர் மேசையில் வசன அட்டை கிடையாது. வேதம் வாசிப்பதெல்லாம் விடியற்காலையில், வீட்டில். அலுவலகத்தில் அவர் தவறாமல் புரட்டியது எங்கள் தன்பதிவேடுகளை. எந்தத் தபால் எத்தனை நாளாய் நிலுவை என்று பார்க்காமல் மாலையில் எழுந்திருக்க மாட்டார்.

ஒரு விதவைத் தாயாரின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு. கணவர் பெயரின் தலைப்பெழுத்து ஒரு தாளில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருந்தது. அதை மட்டும் குறித்துத் திருப்பி அனுப்பக் கடிதம் எழுதி வைத்தேன். ஐயா கோப்பை முழுதும் படித்து, இன்னும் மூன்று குறைகளைக் காட்டினார். "எல்லாத்தையும் ஒரே கடிதத்துல கேளுப்பா. அந்தம்மா இன்னொரு தடவை பஸ் ஏறக் கூடாது" என்றார். அந்தம்மாவை உட்காரவைக்கத் தம் நாற்காலியையே நகர்த்திப் போட்டார். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்ற கொலோசெயர் 3:23-க்கு அதைவிடச் சிறந்த பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.

இன்றைய நிலையைச் சொல்லத் தயக்கமாயிருக்கிறது. யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. உண்மையான ஜெபவீரர்கள் நம் நடுவே உண்டு, அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் அலுவலகத்தில் நாம் நடத்தும் மதிய ஜெபக்கூட்டம் இடைவேளையோடு முடிகிறதா? "உணவு இடைவேளை" என்ற பலகை இரண்டேகால் வரை கவுண்டரில் நிற்கிறது. வெளியே ஓய்வூதிய நேர்காணலுக்கு வந்த முதியவர்கள் தூணில் சாய்ந்து நிற்கிறார்கள். முழு இரவு ஜெபத்துக்குப் போனவர் காலையில் தாமதமாக வருகிறார். கன்வென்ஷனுக்குப் போக மருத்துவச் சான்று கொடுத்து விடுப்பு எடுக்கிறார்கள். பொய்ச் சான்றோடு போய் என்ன ஆசீர்வாதத்தை வாங்கி வருவார்கள்? தேசத்தில் எழுப்புதல் வரவில்லையே என்று உபவாசம் இருக்கிறோம். அந்த ஒரு பலகையே எழுப்புதலைத் தடுத்து நிற்கிறது என்பேன். சபைகளின் சண்டையும் பணத்தாசையும் அதற்குப் பிறகுதான். நம் பிள்ளைகள் விசுவாசத்தை விட்டு விலகுவதற்கும் அதுவே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

மதிய ஜெபம் இடைவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கையிலேயே நிறைவடைய வேண்டும் என்ற தீர்மானத்தை வருகிற ஆண்டுக்கூட்டத்திலேயே கொண்டுவரும்படி செயற்குழுவை வணக்கத்தோடு கேட்டுக்கொள்கிறேன்.