வம்சாவளியும் நேர்த்திக்கடனும்: தாய்ஷான் மலையம்மன் வழிபாடு

வடசீனத்தின் ஷான்டோங் மாகாணத்தில் உள்ள தாய்ஷான், சீனரின் ஐந்து புனித மலைகளில் கிழக்குக்கு உரியது. சூரியன் உதிக்கும் திசையாதலால் பிறப்பு அதற்கு உரியதாயிற்று. மாண்டோரின் உயிர் போய்ச் சேரும் இடம் என்ற பழைய நம்பிக்கையால் இறப்பும் உரியதாயிற்று. மாண்டோர் கணக்கு மலைத் தெய்வமான மலையரசர் கையில். பிள்ளை வரமும் சுகப்பிரசவமும் உச்சியில் கோயில் கொண்ட பீஷியா யுவான்ஜுன் என்னும் அம்மன் கையில். இவள் யார் என்பதில் மூன்று கட்சிகள் உண்டு: மலையரசரின் மகள், புராண கால மஞ்சள் பேரரசர் அனுப்பிவைத்த தெய்வக்கன்னி, ஹான் காலத்து எளிய வீட்டில் பிறந்து, மலையில் தவமிருந்து சித்தி பெற்றவள். இரண்டாவது கதை பிற்காலப் புலவர்கள் கட்டியது, மகள் கதை சாத்திரத்துக்கு ஒவ்வாது எனக் கூசியதால் கட்டியது என்று 17ஆம் நூற்றாண்டு அறிஞர் கு யென்வூ எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது சரியென்றால், வம்சாவளி இங்கே பக்திக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று. அதைக் கோலாக வைத்து இந்த மரபை அளப்பது பொருந்தாது.

அரச ஆதரவும் ஆகமமும்தான் அவளைத் தெய்வமாக்கின என்பார் உண்டு. 1008இல் சோங் பேரரசர் ஜென்சோங் பெருவேள்விக்காக மலையேறினார். உச்சிக் குளத்தருகே கிடந்த பழைய கற்சிலைக்குப் பதில் பச்சைக்கல் சிலை செய்வித்தார் என்கிறது மரபு. அந்தக் கதையிலேயே சிலை அவருக்கு முன்பே இருக்கிறது! தாவோ சமயத் திருநூல் தொகுதியில் அவளுக்கான சூத்திரம் இடம்பெற்றது 1607இல் வெளியான பிற்சேர்க்கையில்தான். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே, 1516இல், மலையேறும் அடியாரிடம் மிங் அரசு ஊதுபத்தி வரி வசூலிக்கத் தொடங்கிவிட்டது. 1735இல்தான் அது நீங்கியது. கூட்டம் முன்னே போயிற்று. அரசும் நூலும் பின்தொடர்ந்தன.

அந்தக் கூட்டத்தின் அளவுகோல், வேண்டுதல் பலித்ததா, நேர்த்திக்கடன் செலுத்தப்பட்டதா என்பதே. பிள்ளையில்லாதவள் சந்நிதியிலிருந்து மண்பொம்மை ஒன்றைச் சிவப்பு நூலால் கட்டி எடுத்துப் போவாள்; பிள்ளை பிறந்தபின் நன்றி செலுத்தத் திரும்புவாள். இது வெறும் பேரம் என்று இகழ்வோருக்குப் பெய்ஜிங்கின் மேற்கே உள்ள மியாவ்ஃபெங் மலை விடை சொல்லும். அங்கும் இதே அம்மன்தான். சீன நாட்காட்டியின் நாலாம் மாத விழாவில் அடியார் சங்கங்கள் முன்பின் அறியாதவர்களுக்குத் தேநீரும் கஞ்சியும் இலவசமாக வழங்கின, பாதை செப்பனிட்டன. 1925இல் அங்கு சென்ற வரலாற்றாய்வாளர் கு ஜியேகாங்கும் தோழர்களும் இச்சங்கங்களின் அறிவிப்புகளையும் ஒழுங்குகளையும் பதிவு செய்தார்கள். அம்மனுக்குப் பட்ட கடன் பிற அடியாருக்குச் செய்யும் தொண்டாக மாறும் இடத்தைப் பேரம் என்ற சொல் எட்டாது.

வேண்டியதெல்லாம் ஆண்வாரிசுதானே, இதில் பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. வாரிசு ஆசை இந்த வழிபாட்டில் ஆழ ஊறியது; மறுப்பதற்கில்லை. ஆனால் உச்சிக் கோயிலில் அவளோடு பிள்ளை தரும் அம்மன் மட்டுமல்ல, கண்ணொளி காக்கும் அம்மனும் இருக்கிறாள். வேறு பல கோயில்களில் பெரியம்மையிலிருந்து காப்பவளும் சேர்ந்துகொள்கிறாள். வாரிசு மட்டுமே நோக்கமென்றால் வரம் தருபவள் ஒருத்தி போதும். பேறுகால ஆபத்து, குழந்தையின் கண், அம்மை எனத் தாயின் அச்சங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித் தெய்வம் நிறுத்திய மரபு அவள் கவலைகளைக் கேட்டே வளர்ந்திருக்கிறது.