பன்னிரண்டு கட்டங்களும் ஒரு தடமும்

எங்கள் வாசிப்புக் குழுவில் இந்த மாதம் ‘பிரெய்ரிஎர்த்’ நூலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒரு தம்பி கேட்டான். “அண்ணே, அறுநூறு பக்கம். கதையே இல்ல. பெரட்டிப் பாத்தா புல்லு, கல்லு, மாடு. இத நாம ஏன் படிக்கணும்?”

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நானே முதல்முறை இருநூறு பக்கம் தாண்டாமல் மூடிவைத்தவன்தான். இரண்டாம் முறை எடுத்தபோது ஒன்றை மாற்றிக்கொண்டேன். நாவல் வாசிக்கிற அவசரத்தை விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டேன். நடந்து பார்த்து எழுதப்பட்ட நூலை நடக்கிற வேகத்தில்தான் படிக்க முடியும்போல.

வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன் 1991இல் வெளியிட்ட நூல் இது. அவருடைய சட்டபூர்வப் பெயர் வில்லியம் டிராக்டன். தன் முன்னோரில் ஒசேஜ் பழங்குடியினரும் உண்டு என்று எழுதியவர். அப்பா ஹீட்-மூன், அண்ணன் லிட்டில் ஹீட்-மூன், கடைசியாகப் பிறந்த இவர் லீஸ்ட் ஹீட்-மூன். வேலை போய், மணவாழ்க்கையும் முறிந்த நிலையில் ஒரு வேனில் அமெரிக்கா முழுவதும் சிறு சாலைகளிலேயே சுற்றி, ‘புளூ ஹைவேஸ்’ என்ற பயண நூலை 1982இல் எழுதிப் புகழ்பெற்றார். அடுத்த நூலில் அப்படியே தலைகீழ். ஒரு நாட்டையே சுற்றிவந்த மனிதர் ஒரேயொரு மாவட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

அந்த மாவட்டம் கன்சாஸ் மாநிலத்தின் சேஸ் கவுண்டி. பரப்பளவு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்கிறவர்கள் 2,572 பேர். நம் பக்கத்து அடுக்குமாடி வட்டாரம் ஒன்றில் ஒரு சில புளோக்குகளைச் சேர்த்தாலே அந்தக் கணக்கு வந்துவிடும். 1900இல் அங்கே 8,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலும் இறங்குமுகம்தான்.

இந்த எண்களைப் பார்த்ததும் நம் மனம் உடனே ஒரு கதையை எழுதிவிடுகிறது. ஊர் காலியாகிறது, பள்ளிக்கூடம் மூடப்படுகிறது, கிழவர்கள் மட்டும் மிச்சம். எனக்கும் அந்தக் கதைதான் வேண்டியிருந்தது. ஹீட்-மூன் அதைக் கொடுக்க மறுக்கிறார். அவருடைய முதல் பலம் அந்த மறுப்புதான் என்று நினைக்கிறேன்.

ஏன் மறுக்கிறார் என்பதற்கு மண்ணுக்கு அடியில் போகவேண்டும். சேஸ் கவுண்டி இருப்பது ஃபிளின்ட் ஹில்ஸ் எனப்படும் குன்றுப் பகுதியில். பெர்மியன் காலத்தில் அங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அந்தக் கடலடியில் படிந்ததுதான் இன்றைய சுண்ணாம்புக் கல். கல்லுக்குள் சிக்கிமுக்கிக் கற்கள் பதிந்துகிடக்கின்றன. மேலே மெல்லிய மண். ஏர் போட்டால் கொழு உடையும். காட்டன்வுட் ஆற்றோரச் சமவெளியைத் தவிர மற்ற இடங்களில் பெரிய அளவில் உழ முடியவில்லை. அமெரிக்காவின் நடுவே ஒருகாலத்தில் ஏறத்தாழ 17 கோடி ஏக்கரில் உயரப்புல் வெளி விரிந்திருந்தது. பெரும்பகுதி உழப்பட்டு சோளக்காடாகவும் மற்ற வயல்களாகவும் போய்விட்டது. மிச்சமிருப்பது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அதிலும் பெரும்பாலானது இந்தக் குன்றுகளில்.

ஆக, கல்தான் புல்லைக் காப்பாற்றியது. அதே கல்தான் ஆட்களையும் நெருங்கிக் குடியேற விடவில்லை. ஆளுயரத்தைத் தாண்டி வளரும் பிக் புளூஸ்டெம் புல்லைப் பார்த்து ஹீட்-மூன் பரவசப்படும்போதெல்லாம், அந்தப் பரவசத்துக்குப் பின்னால் வெறும் வீடுகள் நிற்பது நமக்குத் தெரிகிறது. ஊர்க்காரனுக்கு இழப்பாகத் தெரிவது, வெளியிலிருந்து வருகிறவனுக்கு அழகாகத் தெரிகிறது. இந்தச் சங்கடத்தை அவர் மறைப்பதில்லை. புல்வெளியைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்று வெளியாட்கள் சொன்னதையும், ‘எங்க நெலத்த எங்களுக்குப் பாத்துக்கத் தெரியும்’ என்று மாட்டுப்பண்ணைக்காரர்கள் எதிர்த்ததையும் இரண்டு பக்கமும் காதுகொடுத்து எழுதுகிறார். நூல் வந்து 5 ஆண்டுகள் கழித்து, 1996இல், ஒரு சமரச ஏற்பாடாகத்தான் ஏறத்தாழ 11,000 ஏக்கரில் அங்கே தேசியக் காப்பகம் அமைந்தது. அதிலும் நிலத்தின் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமில்லை. ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் கையில் இருக்கிறது.

இனி வடிவத்துக்கு வருகிறேன். நூலின் துணைத்தலைப்பே ‘ஓர் ஆழ வரைபடம்’ என்று பொருள்படுவது. மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்து, அதைப் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறார். ஒவ்வொரு கட்டத்துக்கும் அங்கிருக்கும் ஓர் ஊரின் அல்லது இடத்தின் பெயர்: சாஃபர்ட்வில், பஸார், மேட்ஃபீல்ட் கிரீன், எல்ம்டேல், வொன்செவு என்று. ஒவ்வொரு கட்டமும் மேற்கோள்களின் தொகுப்போடு தொடங்கும். பயணிகள், மண்ணியல் அறிஞர்கள், பழைய செய்தித்தாள்கள், சட்டங்கள் எல்லாம் வரிசையாக. அதன்பின் அத்தியாயங்கள். ஒன்றில் மர எலி. அடுத்ததில் வேலிக்காக நட்ட ஒசேஜ் ஆரஞ்சு மரம். அப்புறம் ரயில்பாதையில் வேலை செய்த மெக்சிகோகாரர் குடும்பம். பெண்கள் நடத்திய ஒரு சாப்பாட்டுக்கடை. எதுவும் எதற்கும் முன்னுரை இல்லை. எலிக்கும் மனிதனுக்கும் ஒரே மரியாதை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் ஒன்று பஸார் கட்டத்தில் வருகிறது. 1931 மார்ச் 31 அன்று ஒரு பயணிகள் விமானம் அங்கிருந்த மேய்ச்சல் நிலத்தில் விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் நூட் ராக்னி, நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர். நாடே அழுதது. மர இறக்கையை ஒட்டியிருந்த பசை ஈரத்தில் விட்டுப்போனதுதான் காரணம் என்ற முடிவு, முழுக்க உலோகத்தாலான பயணிகள் விமானங்களின் காலத்தை விரைவாகக் கொண்டுவந்தது. அமெரிக்கர்கள் பலர் இந்த மாவட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் அது இந்த விபத்தினால்தான் இருக்கும். ஆனால் ஹீட்-மூன் எழுதும்போது, ராக்னியைவிட அன்று அங்கே நின்ற உள்ளூர்க்காரர்களின் நினைவுதான் கனக்கிறது. உலகச் செய்தி ஒன்று வானத்திலிருந்து தங்கள் மேய்ச்சல் நிலத்தில் விழுந்ததை அவர்கள் வாழ்நாள் முழுதும் சுமக்கிறார்கள். நாமாக இருந்தால் இதில் ஒரு நாவலே எழுதியிருப்போம், அதுவும் ராக்னியை நாயகனாக்கி.

சாஃபர்ட்வில் இன்னொரு வகை. ஆற்றோர ஊர். 1951 பெருவெள்ளத்துக்குப் பிறகு ஊர் ஏறக்குறையக் காலி. அப்படியும் போகாமல் தங்கிவிட்ட சிலரோடு அவர் உட்கார்ந்து பேசுகிறார். ஏன் போகவில்லை என்று கேட்டு ஒரு தத்துவத்தை வரவழைப்பதில்லை. தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, எந்தச் சாமானை மேலே ஏற்றினோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நம் எழுத்தாளர்கள் பலருக்கு இந்த இடத்தில் பொறுமை இருப்பதில்லை. பாத்திரம் வாயைத் திறந்ததும் நாம் உள்ளே புகுந்து பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

சரி, இவ்வளவு நல்ல நூலில் எனக்கு என்ன பிரச்சினை? அந்தக் கட்டங்கள்தான்.

அமெரிக்க நிலம் கட்டம்கட்டமாக அளக்கப்பட்டது 1785 நில ஆணையிலிருந்து. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரங்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். குன்றோ ஆறோ எதையும் பார்க்காமல் கோடு போய்க்கொண்டே இருக்கும். அளந்தால்தான் விற்க முடியும். விற்க வேண்டுமென்றால் ஏற்கெனவே அங்கே இருப்பவர்களை அகற்ற வேண்டும்.

அங்கே இருந்தவர்கள் காவ் மக்கள். கன்சா என்றும் சொல்வார்கள். மாநிலத்தின் பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். 1846 ஒப்பந்தம் அவர்களைச் சேஸ் கவுண்டிக்கு வடக்கே கவுன்சில் குரோவ் வட்டாரத்துக்குள் ஒதுக்கியது. 1859 ஒப்பந்தம் அதையும் சுருக்கியது. அதே 1859இல்தான் சேஸ் கவுண்டி உருவானது. 1873இல் அவர்கள் மொத்தமாக இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். சேஸ் கவுண்டியின் தலைநகரான காட்டன்வுட் ஃபால்ஸில் சிவப்புக் கூரையும் சுண்ணாம்புக் கல் சுவருமாக ஒரு நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்காமல் போகமாட்டார்கள். அது கட்டி முடிக்கப்பட்ட ஆண்டும் 1873. நூலை மூடிய பிறகு இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அதன்பின் அந்த அழகான கட்டடத்தை என்னால் அழகாக மட்டும் பார்க்க முடியவில்லை.

நிலத்தைப் பறிக்கப் பயன்பட்ட கட்டத்தையே அந்த நிலத்தை நேசிக்கும் நூலுக்கும் சட்டகமாக வைக்கலாமா? முதல் வாசிப்பில் இது எனக்கு உறுத்தவே இல்லை, வசதியான உத்தியாகத்தான் தெரிந்தது. இரண்டாம் வாசிப்பில்தான் கடைசிப் பகுதியின் பொருள் பிடிபட்டது. பன்னிரண்டு கட்டங்களும் முடிந்தபின், ஹீட்-மூன் ஒரு நண்பரோடு காவ் மக்களின் பழைய வேட்டைத் தடத்தைத் தேடி நடக்கிறார். அந்தத் தடம் எந்தக் கட்டத்துக்கும் கட்டுப்படுவதில்லை. நிலம் வளைகிற மாதிரி வளைந்து போகிறது. அறுநூறு பக்கம் பொறுமையாகக் கட்டிய சட்டகத்தின் மேலேயே குறுக்காக நடந்துபோய் நூல் முடிகிறது. கட்டத்தை அவர் தெரியாமல் எடுக்கவில்லை. அதற்கு மேல் நடந்து காட்டத்தான் எடுத்திருக்கிறார் என்று இப்போது வாசிக்கிறேன்.

இருந்தாலும் என் புகார் முழுதாகத் தீரவில்லை. தடத்துக்கு வந்துசேர இவ்வளவு பக்கம் ஆகிவிட்டது. காவ் மக்களைப் பற்றிய அழுத்தமான எழுத்து பின்பகுதியில்தான் வருகிறது, அதுவும் பெரும்பாலும் இழப்பின் தொனியில். இந்தத் தொனியில் ஓர் ஆபத்து உண்டு. மறைந்துபோனவர்களுக்காக அழுவது எளிது, இருப்பவர்களோடு பேசுவதுதான் கஷ்டம். காவ் வரலாறோ அழுகைக்குள் அடங்குகிற ஒன்றல்ல. சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்று ஒருவர். சிறுவயதில் காவ் ஒதுக்கிடத்தில் பாட்டியோடு வாழ்ந்தவர். 1929 முதல் 1933 வரை அமெரிக்காவின் துணையதிபர். அதே மனிதர்தான் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, காவ் நிலத்தைத் தனித்தனிப் பங்காகப் பிரித்து அந்த இனக்குழுவின் சட்டபூர்வ அமைப்பையே கலைத்த 1902ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் துணைநின்றார். அந்த அமைப்பு பிற்பாடு மீண்டும் உருவாகி, இன்று காவ் நேஷனாக ஓக்லஹோமாவில் இயங்குகிறது. கவுன்சில் குரோவ் அருகே அவர்கள் நிலம் வாங்கி, தங்கள் பழைய தலைவர் அல்லெகவாஹோவின் பெயரில் நினைவுப் பூங்கா வைத்திருக்கிறார்கள். லாரன்ஸ் நகரத்தில் நினைவுச்சின்னமாக நிறுத்தப்பட்டிருந்த அவர்களுடைய புனிதமான செம்பாறை, சில ஆண்டுகளுக்கு முன் அவர்களிடமே திரும்பி அந்தப் பூங்காவுக்கு வந்துசேர்ந்திருக்கிறது. 1991இல் எழுதியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ‘கடைசி’ என்ற சொல்லை நிலம் பற்றி எழுதுகிறவர்கள் கொஞ்சம் தள்ளியே வைக்கவேண்டும் என்பதை இது காட்டுகிறது.

வேறு குறைகளும் உண்டு. மேற்கோள் பகுதிகள் சில இடங்களில் சேகரிப்பாளரின் பெருமையாக மட்டும் நிற்கின்றன. தன் நகைச்சுவையை அவர் தேவைக்கு அதிகமாக ரசிக்கிறார். வெளியூர் முதலாளிகளின் கையில் இவ்வளவு மேய்ச்சல் நிலம் இருப்பதால் உள்ளூருக்கு என்ன மிஞ்சுகிறது என்ற கணக்கு இன்னும் கறாராக வந்திருக்கலாம். எடிட்டர் நூறு பக்கம் வெட்டியிருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள்.

இப்போது அந்தத் தம்பியின் கேள்வி. மலேசியத் தமிழ்ப் புனைவில் தோட்டம் என்றால் அது நம் தாத்தா பாட்டியோடு தொடங்கி, துண்டாடலோடும் வெளியேற்றத்தோடும் முடிகிறது. அந்தத் துயரம் உண்மை, அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் ரப்பருக்கு முன் அங்கே என்ன மரம் இருந்தது, அந்தக் காட்டில் எந்த ஒராங் அஸ்லி குடும்பம் நடந்துபோனது, மண்ணுக்கு அடியில் என்ன பாறை என்று எத்தனை நாவல்களில் ஒரு பத்தியாவது இருக்கிறது? நாம் இழந்த இடம் என்று எழுதும்போது, அது வேறு யாரும் இழந்த இடமாகவும் இருக்கலாம் என்ற யோசனையே நமக்கு வருவதில்லை. எனக்கும் வந்ததில்லை. இந்த நூல்தான் கேட்க வைத்தது.

கூட்டம் முடிந்தபின் தம்பி நூலை வாங்கிக்கொண்டு போனான். “மொதல்ல கடைசி அத்தியாயத்த படிச்சிடவா?” என்றான். வேணாம்ப்பா, கட்டம் கட்டமா நடந்துட்டு அப்புறம் அங்க வா என்றேன்.