சியாத்வாதமும் குவாண்டம் அளவையியலும்: ஓர் ஒப்பீட்டின் எல்லைகள்

முன்னுரை

சமணரின் சியாத்வாதம் இருபதாம் நூற்றாண்டு இயற்பியலின் முடிவுகளை முன்னரே உணர்த்திவிட்டது என்னும் கருத்து இந்தியவியல் கட்டுரைகளில் அவ்வப்போது இடம்பெறுகிறது. இக்கருத்துக்கு வழியமைத்தோர் பேரறிஞர்கள். புள்ளியியலறிஞர் பி.சி.மகலனோபிஸ் 1954ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் நிகழ்தகவுக் கோட்பாட்டின் அடித்தளத்தைச் சியாத்வாதத்தில் கண்டார். இயற்பியலறிஞர் டி.எஸ்.கோத்தாரி, 1985ஆம் ஆண்டில் வெளிவந்த நீல்ஸ் போர் நூற்றாண்டு நூலில், அதனைக் குவாண்டம் இயங்கியலோடு நேரடியாக ஒப்பிட்டார். இவ்வொப்பீடுகளை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

ஏழு கூற்றுகளும் நிகழ்தகவும்

'சியாத்' என்னும் சொல்லை 'ஒருவேளை' எனப் பெயர்ப்போர் உளர். 'ஒரு நோக்கில்' என்பதே சமண உரைமரபு கொள்ளும் பொருளாகும். ஒரு நோக்கில் உண்டு. ஒரு நோக்கில் இல்லை. ஒரு நோக்கில் உண்டும் இல்லையும். ஒரு நோக்கில் சொல்லொணாதது. இந்நான்காவதை முதல் மூன்றோடும் தனித்தனியே சேர்க்க, எஞ்சிய மூன்றும் அமையும். மட்குடம் மண்ணால் ஆனது என்னும் நோக்கில் உண்டு. பொன்னால் ஆனது என்னும் நோக்கில் இல்லை. இங்கு ஐயத்திற்கு இடமில்லை. ஒவ்வொரு கூற்றும் தன் நோக்கில் உறுதியானதே.

மகலனோபிஸ் நாணயம் சுண்டுதலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, 'சொல்லொணாதது' என்னும் நிலையை நிகழ்தகவின் பண்புசார்ந்த முன்வடிவமாகக் கருதினார். எண்ணளவான கோட்பாடு சமணரிடம் இருந்தது என அவர் கூறவில்லை. பின்வந்தோர் பலரிடம் இந்த அடக்கம் காணப்படவில்லை. ஆயினும், நாணயத்தின் நிகழ்தகவை நம் அறியாமையின் அளவாகவே விளக்கிவிடலாம். கைவிசையையும் காற்றையும் முற்ற அறிந்தவர்க்கு முடிவு முன்னரே தெரியும். குவாண்டம் நிகழ்தகவை இவ்வாறு எளிதில் விளக்க இயலாது.

பங்கீட்டு விதியின் வீழ்ச்சி

ஒரு மாணவர் தமிழும், அதனோடு வரலாறோ புவியியலோ பயில்கிறார் எனில், அவர் தமிழும் வரலாறும் பயில்கிறார். அன்றேல் தமிழும் புவியியலும் பயில்கிறார். பங்கீட்டு விதி எனப்படும் இதனை நாம் ஐயுறுவதில்லை. 1936ஆம் ஆண்டில் பிர்க்காஃபும் ஃபான் நோய்மனும் எழுதிய கட்டுரை இவ்விதியையே கேள்விக்குள்ளாக்கியது. ஓர் எலக்ட்ரானின் தற்சுழற்சி கிழக்குநோக்கி உள்ளது என அளந்தறிந்ததாகக் கொள்வோம். செங்குத்தாக அளப்பின் 'மேல்', 'கீழ்' என்னும் இரண்டனுள் ஒன்றே கிடைக்கும். ஆனால் 'கிழக்கும் மேலும்' என்றோ 'கிழக்கும் கீழும்' என்றோ கூறத்தக்க நிலை எதுவும் குவாண்டம் கோட்பாட்டில் இல்லை. ஆகவே அவர்கள் வகுத்த அளவையியலில் பங்கீட்டு விதி பொருந்தாது. சமணரின் ஏழு கூற்றுகளுள் எதுவும் இவ்விதியைத் தொடவில்லை என்பது கருதத்தக்கது.

கோத்தாரியின் ஒப்பீடு

ஒரே பெட்டியின் இரு அறைகளிலும் மேற்பொருந்திய நிலையில் உள்ள துகளைக் கோத்தாரி 'சொல்லொணாதது' என்னும் கூற்றோடு இணைத்தார். இதனை நம்மால் ஏற்க இயலவில்லை. உண்மையையும் இன்மையையும் ஒரே சொல்லால் ஒருங்கே கூறுதல் இயலாமையின் அந்நிலை சொல்லொணாதது ஆயிற்று என்பது உரைமரபு. அது மொழியின் எல்லை. மேற்பொருந்திய நிலையோ கணிதத்தால் துல்லியமாகச் சொல்லத்தக்கது. மேலே கண்ட கிழக்குநோக்கிய தற்சுழற்சியே 'மேல்', 'கீழ்' ஆகிய இரண்டும் மேற்பொருந்திய நிலைதான். கிழக்குத் திசையில் அளப்பின் அது ஐயமற்ற ஒரே விடையைத் தருகிறது.

இதனினும் ஆழ்ந்த வேறுபாடு ஒன்று உண்டு. பொருள் எண்ணிறந்த பண்புகளை உடையது. முற்றறிவு எய்திய கேவலி அவை அனைத்தையும் ஒருங்கே அறிவார் என்பது அநேகாந்தவாதம். நோக்கு ஒரு பண்பைத் தெரிந்தெடுத்துக் காட்டுகிறது, படைப்பதில்லை. 1967ஆம் ஆண்டில் கோஹெனும் ஸ்பெக்கரும் நிறுவிய தேற்றமோ, மூன்றும் அதற்கு மேலும் பரிமாணம் உடைய குவாண்டம் அமைப்புகளில், எல்லா வினாக்களுக்கும் அளவீட்டுச் சூழலைச் சாராத விடைகளை ஒருங்கே வைத்தல் இயலாது என்கிறது. இரு கொள்கைகளும் பிரியும் இடம் இதுவே. 'நோக்கு' என்பதற்கும் 'அளவீட்டுச் சூழல்' என்பதற்கும் உள்ள உறவு யாது என்னும் பயனுள்ள வினாவும் இங்குத்தான் எழுகிறது. 'சொல்லொணாதது' என்னும் சொல்லிலேயே நின்றுவிட்ட ஒப்பீடுகள் அவ்வினாவை எட்டவில்லை.

முடிவுரை

நீலகேசியை வகுப்பறையில் கற்பிக்கும் நமக்கு இது தொலைவான செய்தி அன்று. பௌத்தரோடும் பிறரோடும் வாதிட்டு நின்ற மரபு அது. அம்மரபைப் பின்னாளைய இயற்பியலின் முன்னறிவிப்பாகக் காட்டும்போது, அது தன் காலத்தில் எதற்கு விடை தேடியது என்பதை மாணவர் அறியாமற்போவர். பண்டைய நூலுக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணி அதன் வாதத்தையே நாம் இழந்துவிடலாகாது. ஒற்றுமையைக் காட்டும் கட்டுரை வேற்றுமையையும் அதே அளவு உழைப்புடன் காட்டுதல் வேண்டும் என்பதே நம் கருத்து.